எல்லாக் கேள்விகளும் ஒரே போர்ட்டிலிருந்து: ஒரு டிஎன்எஸ் ரிசால்வரைச் சரிசெய்த பதிவு

டிஎன்எஸ் என்பது இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் ஏற்பாடு; அப்படித் தேடும் சர்வர்தான் ரிசால்வர். 2025 அக்டோபர் 22 அன்று பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாயின. அவற்றில் இரண்டு என்னை உடனே உட்கார வைத்தன. சிவிஇ-2025-40780 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பதிவு எண்): ரிசால்வர் அடுத்து எந்த போர்ட்டிலிருந்து (ஒரு கணினியின் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்), எந்த எண்ணோடு கேள்வி அனுப்பும் என்பதைச் சில சூழல்களில் வெளியாள் ஊகித்துவிடலாம். சிவிஇ-2025-40778: தான் கேட்காத பதிவுகள் பதிலோடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் சில நேரம் அவற்றைக் கேச்சில் (கிடைத்த பதில்களின் தற்காலிகச் சேமிப்பில்) போட்டுக்கொள்கிறது. இரண்டுக்கும் தீவிர மதிப்பெண் 8.6. திருத்தம் வந்த பதிப்புகள் 9.18.41, 9.20.15.

நான் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தில் லினக்ஸில் ஓடும் பைண்ட் ஒன்று வெளியுலகக் கேள்விகளைக் கேட்கிறது. அதன் பின்னால் விண்டோஸ் சர்வரில் ஒரு டிஎன்எஸ், உள்ளே இருக்கும் கணினிகளுக்காக. பேட்ச் போடப் பதினைந்து நிமிடம் ஆனது. (டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வினியோகம், தரும் தொகுப்பில் பழைய பதிப்பு எண்ணே நீடிக்கும், திருத்தம் மட்டும் பின்னோக்கி எடுத்துச் சேர்க்கப்பட்டிருக்கும். அதனால் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் தொகுப்பின் மாற்றக் குறிப்பில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள்.) வேலை முடிந்தது என்று எழுந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை: இந்த சர்வர் உண்மையில் எந்த போர்ட்டிலிருந்து கேட்கிறது? இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் போனதில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வாரம்தான் இந்தப் பதிவு.

ஏன் போர்ட் எண் இவ்வளவு முக்கியம்

டிஎன்எஸ் பெரும்பாலும் யுடிபி என்ற நெறிமுறையில் நடக்கிறது. டிசிபி நெறிமுறையில் இருப்பது போல, முதலில் இணைப்பை உறுதிசெய்யும் கைகுலுக்கல் எதுவும் கிடையாது. ரிசால்வர் ஒரு கேள்வியை அனுப்பும், ஒரு பதில் வரும். பதிலில் இருக்கும் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதலாம். ஆகவே உண்மையான சர்வரின் பதில் வந்து சேரும் முன் ஒருவர் போலிப் பதிலை அனுப்பி, அது எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டால், ரிசால்வர் அதையே நம்பும். கேச்சில் வைக்கும். அதன் பிறகு கேட்கிற அத்தனை பேருக்கும் அதையே சொல்லும்.

அந்தச் சோதனைகள் என்னென்ன? கேட்ட பெயர் பொருந்த வேண்டும், முகவரி பொருந்த வேண்டும், கேள்வியில் வைத்த 16 பிட் எண் பொருந்த வேண்டும், கேள்வி கிளம்பிய போர்ட்டுக்கே பதில் வர வேண்டும். முதல் இரண்டும் எதிராளிக்குத் தெரிந்தவை. 16 பிட் எண்ணுக்கு 65,536 வாய்ப்புகள்தான். போர்ட்டும் மாறாமல் இருந்தால் அவர் ஊகிக்க வேண்டியது அந்த ஒரு எண்ணை மட்டுமே.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு போலிப் பதில் 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 1,25,000 பதில்கள் அனுப்பலாம். உண்மையான பதில் வர 100 மில்லிவிநாடி ஆகிறது என்றால் அந்த இடைவெளியில் 12,500 போலிகள் போய்ச் சேரும். ஒரு முயற்சியில் வெற்றி வாய்ப்பு சுமார் 19 சதவீதம். ஐந்து முயற்சி செய்தால் 65 சதவீதம். அதாவது அரை விநாடி வேலை.

'ஒருமுறை தவறினால் உண்மையான பதில் கேச்சில் உட்கார்ந்துவிடுமே, டிடிஎல் (பதில் கேச்சில் இருக்கும் காலம்) தீரும்வரை காத்திருக்க வேண்டுமே' என்பதுதான் நெடுநாள் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி உடைத்தார். இல்லாத ஒரு துணைப் பெயரைக் கேட்க வைப்பது, தவறினால் வேறொரு துணைப் பெயரைக் கேட்க வைப்பது, இப்படியே போவது. ஒவ்வொன்றும் புதுப் பெயர் என்பதால் கேச் குறுக்கே வராது. போலிப் பதிலில் 'இந்த டொமைனுக்கே பொறுப்பான சர்வர் இதோ' என்று சொல்லிவிட்டால் துணைப் பெயர் மட்டும் இல்லை, முழு டொமைனும் கையில். காத்திருப்பு என்ற தடையே போய்விட்டது. அதற்குத்தான் சிவிஇ-2008-1447 என்ற எண். பல நிறுவனங்கள் ரகசியம் காத்து, 2008 ஜூலை 8 அன்று ஒன்றாகத் திருத்தம் வெளியிட்டன. விண்டோஸ் பக்கம் அது எம்எஸ்08-037 என்ற திருத்தம். எல்லாத் திருத்தத்தின் சாரமும் ஒன்றே: ஒவ்வொரு கேள்வியையும் எதிர்பாராத வேறொரு போர்ட்டிலிருந்து அனுப்பு. டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் டிஜேபிடிஎன்எஸ் என்ற டிஎன்எஸ் மென்பொருளில் அதைப் பல வருடம் முன்பே செய்து வைத்திருந்தார். அப்போது அவரைப் பின்பற்றியவர்கள் குறைவு என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

லினக்ஸில் பைண்ட், இயங்குதளத்தின் தற்காலிக போர்ட் வரம்பை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான வரம்பு 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 போர்ட்டுகள். 65,536ஆல் பெருக்கினால் 185 கோடி. மேலே சொன்ன அதே இணைப்பில் பாதி வாய்ப்பை எட்டவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகள், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இடைவிடாத வெள்ளம். முடியாதது என்று நான் சொல்லவில்லை. 2008 ஆகஸ்டில் எவ்ஜெனி போல்யகோவ் என்ற ஆய்வாளர், திருத்தம் போட்ட பைண்டையே கிகாபிட் உள்வலையில் பத்து மணி நேரத்துக்குள் ஏமாற்றிக் காட்டினார். ஆனால் அரை விநாடிக்கும் பல மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நாம் கவனித்துத் தடுக்க நேரம் கிடைக்கிறது.

அளக்க ஒரு எளிய வழி

சர்வரிலேயே, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது பாக்கெட் கிளம்பும் இடம். எதிராளி பார்ப்பது அது போய்ச் சேரும் இடத்தில். அதனால் வெளியே ஒரு சிறிய வாடகை சர்வர் எடுத்து, என்னிடம் சும்மா இருந்த ஒரு டொமைனின் துணைப் பகுதி ஒன்றுக்கு அதை அதிகாரபூர்வ சர்வர் (அந்தப் பகுதியின் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்) ஆக்கினேன். அதில் கேள்வி லாகை இயக்கினேன். பைண்டின் கேள்வி லாகில் கேட்டவரின் முகவரி, ஒரு குறி, அதை அடுத்து போர்ட் எண் என்று வரிக்கு வரி விழும். பிறகு உள்ளே இருந்து டிக் (dig) என்ற டிஎன்எஸ் கேள்விக் கருவியைக் கொண்டு 500 வெவ்வேறு கற்பனைப் பெயர்களைக் கேட்கிற ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். பெயர் ஒவ்வொன்றும் புதிது என்பதால் கேச் பதில் சொல்லாது, எல்லாம் வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் ஓட்டத்தின் முடிவைப் பார்த்துச் சிறிது நேரம் அசையாமல் இருந்தேன். 500 கேள்விகள். 500 வரிகளிலும் ஒரே போர்ட்: 53.

காமின்ஸ்கியின் கண்டுபிடிப்பு வெளிவந்து பதினேழு வருடம். பேட்ச் எல்லாம் ஒழுங்காகப் போட்ட சர்வர். இருந்தும் 2008க்கு முந்தைய நிலை.

காரணம் கான்ஃபிக் கோப்பில் இருந்தது. 'குவெரி-சோர்ஸ் அட்ரஸ் * போர்ட் 53' என்று ஒரு வரி. இதன் கதை பழையது. பைண்டின் ஆரம்ப காலப் பதிப்புகள் 53ஆம் போர்ட்டிலிருந்தே கேட்டு வந்தன. 8.1 வந்தபோது வேறு போர்ட்டுக்கு மாறியது. 'உங்கள் ஃபயர்வால் இதனால் தடுத்தால் கீழே உள்ள வரியை இயக்குங்கள்' என்று பல லினக்ஸ் வினியோகங்களின் மாதிரிக் கோப்பில் ஒரு குறிப்பு நெடுங்காலம் இருந்தது. யாரோ ஒருவர், அந்த நாளின் நியாயமான காரணத்துக்காக, அதை இயக்கியிருக்கிறார். அதன் பிறகு சர்வர் மாறியது, இயங்குதளம் நான்கைந்து தலைமுறை மாறியது, கான்ஃபிக் கோப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் அப்படியே நகல் எடுக்கப்பட்டது.

இதில் என்னை உறுத்தியது வேறு. 'குறிப்பிட்ட போர்ட்டைக் கட்டாயப்படுத்தினால் போர்ட் மாறும் பாதுகாப்பு போய்விடும், இது ஆபத்தாகலாம்' என்ற பொருளில் பைண்ட் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் லாகில் எழுதுகிறது. தேடிப் பார்த்தேன், எங்கள் லாகிலும் இருந்தது. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் ஒரு வரி. மென்பொருள் தன் கடமையைச் செய்திருக்கிறது. படிக்க வேண்டியவர்கள் நாங்கள்.

வரியை நீக்கியதும் நடந்தது

வரியை நீக்கினேன், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். உடனே எல்லாம் நின்றது. எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. ரீஸ்டார்ட்டில் கேச்சும் காலி, அதனால் பழைய பதில்கூட இல்லை. ஏழு நிமிடம் நிறுவனம் முழுக்க இணையம் இல்லாத மாதிரி ஆனது.

அந்த வரி தனியாக இல்லை, அதற்கு ஒரு ஜோடி உண்டு என்பது அப்போதுதான் புரிந்தது. ஃபயர்வாலில் வெளியே போகும் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு விதி: அனுப்பும் போர்ட் 53, சேரும் போர்ட் 53 என்றால் மட்டும் அனுமதி. புதிய போர்ட்டிலிருந்து போன எல்லாம் அங்கேயே விழுந்தன. அனுப்பும் போர்ட் எதுவாகவும் இருக்கலாம், சேரும் போர்ட் மட்டும் 53 என்று விதியை மாற்றினேன். யுடிபியோடு டிசிபியையும் சேர்த்தேன், அதுவும் விடுபட்டிருந்தது. நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் முதலில் ஃபயர்வால் விதியைத் திருத்துங்கள், பிறகு கான்ஃபிக்கைத் தொடுங்கள். இந்த வரிசை மாறியதால்தான் எனக்கு அந்த ஏழு நிமிடம்.

அப்புறம் சர்வரிலேயே டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தேன். 41207, 58863, 33910, 47555 என்று சிதறிப் போனது. மனம் நிறைந்தது. ஆனாலும் வெளி சர்வரின் லாகையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அடுத்த 500 கேள்விகளை ஓட்டினேன்.

20481, 20482, 20483, 20485, 20486, 20487, 20490.

வரிசையாக. இடையில் விடுபட்ட எண்கள் நிறுவனத்தின் வேறு கணினிகள் அந்த நேரத்தில் திறந்த இணைப்புகள். வாசலில் இருக்கும் நேட் கருவி (உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும் பெட்டி), உள்ளே இருந்து சிதறி வந்த போர்ட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, தன் கையிருப்பிலிருந்து அடுத்த எண், அடுத்த எண் என்று கொடுத்துக்கொண்டிருந்தது. பைண்ட் சிரமப்பட்டு உருவாக்கிய ரேண்டம் முழுவதும் அந்தப் பெட்டியில் கரைந்துபோனது.

இது 2008இலேயே தெரிந்த சிக்கல்தான். அப்போது பேட்ச் போட்ட பலருக்கும், சர்வர் நேட் பின்னால் இருந்ததால் பலன் இல்லாமல் போயிற்று. வரிசையான போர்ட் என்பது ஒரே போர்ட்டைவிடக் கொஞ்சம்தான் மேல். எதிராளி தன் டொமைனிலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், உங்கள் மெயில் சர்வர் அந்த டொமைனைப் பற்றிக் கேட்கும், கேள்வி அவருடைய சர்வருக்கே போகும், இந்த நொடியில் போர்ட் எண் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த சில பத்து எண்களுக்குள் குறி வைத்தால் ஆயிற்று.

கருவியின் அமைப்புகளில் போர்ட்டை மாற்றாமல் விடும் விருப்பம் இருக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். இல்லை. கடைசியில் ரிசால்வருக்கென்று ஒரு பொது முகவரியை ஒதுக்கி, ஒன்றுக்கு ஒன்று நேட் ஆக மாற்றினேன். அதில் முகவரி மட்டும் மாறும், போர்ட் அப்படியே போகும். உங்கள் வாசலில் லினக்ஸ் இருந்தால் வழி இன்னும் எளிது. அது முடிந்தவரை மூல போர்ட்டைக் காப்பாற்றும், மாற்ற வேண்டி வந்தாலும் முழுக்க ரேண்டமாகக் கொடு என்று மாஸ்கரேட் (லினக்ஸின் நேட்) விதியில் சொல்லலாம்.

மூன்றாவது ஓட்டத்தில் 500 கேள்விகளுக்கு 496 வெவ்வேறு போர்ட்டுகள். நான்கு மறுபடி வந்தனவே என்று கவலைப்பட வேண்டாம். 28,232 போர்ட்டுகளிலிருந்து 500 முறை கண்ணை மூடி எடுத்தால் நான்கைந்து மோதல்கள் வருவதுதான் இயல்பு. 500உம் தனித்தனியாக வந்திருந்தால்தான் ஏதோ வரிசை ஒளிந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கெட்டதைக் கெட்டது என்று இது காட்டும், நல்லதை நல்லது என்று நிரூபிக்காது. பார்வைக்குச் சிதறித் தெரிவது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு. 40780 சொன்ன குறையே அதுதான்: எண்கள் சிதறித்தான் வந்தன, ஆனால் அவற்றை உருவாக்கும் கணக்கு பலவீனமாக இருந்தது. அதற்கு என் 500 வரிகள் உதவாது, பேட்ச்தான் உதவும். 2007இல் பைண்ட் 9, விண்டோஸ் டிஎன்எஸ் இரண்டின் கேள்வி எண்களையும் அமித் க்ளைன் ஊகித்துக் காட்டியபோதும் இதே கதை.

விண்டோஸ் சர்வர் பக்கம்

எங்கள் விண்டோஸ் டிஎன்எஸ் தானே தேடாமல் எல்லாவற்றையும் லினக்ஸ் ரிசால்வருக்கு ஃபார்வர்ட் செய்கிறது; கேள்வி போய்ச் சேரும் அந்த சர்வர்தான் ஃபார்வர்டர். அதனால் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ரிசால்வரை ரீஸ்டார்ட் செய்த அந்த ஏழு நிமிடத்தின் ஃபயர்வால் லாகைப் பிறகு புரட்டியபோது தவறு தெரிந்தது. ஃபார்வர்டர் பதில் சொல்லாததால் விண்டோஸ் தானே டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்களிடம் போய்க் கேட்க முயன்றிருக்கிறது. 'ஃபார்வர்டர் கிடைக்காவிட்டால் ரூட் ஹின்ட்ஸைப் (ரூட் சர்வர்களின் முகவரிப் பட்டியலை) பயன்படுத்து' என்ற பெட்டியில் டிக் இருந்தது. அனுப்பும் போர்ட் 53 என்ற பழைய விதி அவற்றைத் தடுத்து வைத்திருந்தது. நான் தளர்த்திய புதிய விதியில் அவை வெளியே போயிருக்கும், அதுவும் பொதுவான நேட் வழியாக, வரிசையான போர்ட்டில். யாராவது லினக்ஸ் ரிசால்வரை வெள்ளத்தில் மூழ்கடித்தால் போதும், விண்டோஸ் பலவீனமான பாதையில் இறங்கிவிடும்.

அந்த டிக்கை எடுத்தேன். பதிலுக்கு இரண்டாவது லினக்ஸ் ரிசால்வர் ஒன்றை நிறுவி, ஃபார்வர்டர் பட்டியலில் இரண்டையும் வைத்தேன். வெளியே டிஎன்எஸ் கேட்கும் உரிமை அந்த இரண்டு முகவரிகளுக்கு மட்டும் என்று ஃபயர்வாலிலும் அடைத்தேன்.

விண்டோஸில் கவனிக்க வேண்டிய அமைப்புகள் சில உண்டு. சாக்கெட் பூல்: சர்வீஸ் தொடங்கும்போதே ஒரு தொகுதி போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்தே கேட்கும். வழக்கமான அளவு 2,500, அதிகபட்சம் 10,000 வரை உயர்த்தலாம். 2,500 என்றால் கேள்வி எண்ணோடு சேர்த்து 16 கோடி வாய்ப்புகள், லினக்ஸின் 185 கோடியோடு ஒப்பிட்டால் குறைவுதான். சோதனைக்காக ஒரு இரவு மட்டும் விண்டோஸுக்கும் ஒன்றுக்கு ஒன்று நேட் கொடுத்து, நேரடியாக வெளியே கேட்க விட்டு அளந்தேன். 500 கேள்விகளுக்கு 451 வெவ்வேறு போர்ட்டுகள். 2,500 பேர் இருக்கும் கூட்டத்திலிருந்து 500 முறை எடுத்தால் 453ஐ ஒட்டி வர வேண்டும், ஆகவே பூல் சரியாக வேலை செய்கிறது. அளவை 10,000 ஆக்கினேன். அதே சர்வரில் வேறு சேவைகள் குறிப்பிட்ட போர்ட்டை எதிர்பார்த்தால் அவற்றை விலக்குப் பட்டியலில் போட மறக்க வேண்டாம். எம்எஸ்08-037 வந்த நாட்களில் டிஎன்எஸ் தங்கள் போர்ட்டைப் பிடித்துக்கொண்டதால் வேறு சேவைகள் தொடங்க மறுத்த சம்பவங்கள் உண்டு. அதற்குப் பயந்து பூல் அளவைப் பூஜ்யமாக்கிவிடுவது மோசமான வைத்தியம்.

கேச் லாக்கிங் 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சர்வர் 2008 ஆர்2இல் வந்த நல்ல ஏற்பாடு இது. கேச்சில் ஒரு பதிவு உயிரோடு இருக்கும்வரை அதன் மேல் எழுத விடாது. காமின்ஸ்கி வழியில் ஏற்கெனவே இருக்கும் பதிவை மாற்றுவதை இது நேரடியாகத் தடுக்கிறது.

இன்னொன்றுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. துணை நிறுவனம் ஒன்றின் டொமைனுக்கு மட்டும் அவர்களுடைய சர்வரிடம் கேட்கும்படி ஒரு கண்டிஷனல் ஃபார்வர்டர் இருந்தது. ஒரே சர்வர் சில பெயர்களுக்கு ஃபார்வர்டராகவும் மற்றவற்றுக்குத் தானே தேடுவதாகவும் இருந்து, இரண்டுக்கும் ஒரே கேச் என்றால், ஃபார்வர்ட் பக்கம் வரும் பதில்களில் 'இந்தப் பதிவைச் சொல்ல உனக்கு உரிமை உண்டா' என்ற சோதனை தளர்ந்துவிடலாம். 2023இல் மாஜினோடிஎன்எஸ் என்ற பெயரில் வெளியான ஆய்வு பைண்ட், நாட், டெக்னிஷியம், மைக்ரோசாஃப்ட் டிஎன்எஸ் ஆகிய டிஎன்எஸ் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இதைக் காட்டியது. திருத்தங்கள் வந்துவிட்டன, எங்களிடமும் இருந்தன. ஆனாலும் தானே தேடும் வேலையை விண்டோஸிடமிருந்து முழுக்க எடுத்துவிட்டதில் எனக்கு இன்னும் நிம்மதி.

இந்த உரிமைச் சோதனைக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1997 ஜூலையில் யூஜின் காஷ்புரெஃப் என்பவர், பதிலோடு ஒட்டி வரும் கூடுதல் பதிவுகளை சர்வர்கள் கேள்வி கேட்காமல் கேச்சில் வைக்கின்றன என்பதைப் பயன்படுத்தி, டொமைன் பதிவு நடந்த இன்டர்நிக் தளத்துக்குப் போனவர்களை, அதற்குப் போட்டியான தன் ஆல்டர்நிக் தளத்துக்குத் திருப்பினார். இருபத்தெட்டு வருடம் கழித்து 40778 அதே வீட்டின் இன்னொரு ஜன்னல்.

துண்டான பாக்கெட்டுகள்

போர்ட்டைப் பற்றி இவ்வளவு பேசியபின், போர்ட்டே தேவைப்படாத ஒரு வழியைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய டிஎன்எஸ் பதில் வழியில் இரண்டு துண்டாக உடைந்தால், போர்ட் எண்ணும் கேள்வி எண்ணும் முதல் துண்டில்தான் இருக்கும். இரண்டாம் துண்டை ஒட்ட ஐபி தலைப்பில் உள்ள ஒரு அடையாள எண் போதும், ஐபிவி4இல் அது 16 பிட். இரண்டாம் துண்டை மட்டும் போலியாக அனுப்பி, உண்மையான முதல் துண்டோடு ஒட்ட வைத்தால், நம்முடைய 185 கோடி முழுவதும் வீண்.

தீர்வு துண்டாக விடாமல் இருப்பது. 2020இன் டிஎன்எஸ் ஃப்ளாக் டே 1232 பைட் என்ற அளவைப் பரிந்துரைத்தது, பைண்டும் அதையே வழக்கமாக்கியது. எங்கள் கான்ஃபிக்கில் யாரோ கையால் 4096 என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியும் போனது. விண்டோஸுக்கு 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தந்த ஏடிவி200013 அறிவுரைப்படி ரெஜிஸ்ட்ரியில் அதிகபட்ச யுடிபி அளவை 1221 என்று வைத்தேன். அதைவிடப் பெரிய பதில்கள் டிசிபிக்கு மாறும். ஃபயர்வாலில் டிசிபி 53ஐத் திறந்தது இங்கே கைகொடுத்தது.

கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பக்கமும் ஒரு பார்வை. 2020 நவம்பரில் வந்த சாட் டிஎன்எஸ் என்ற தாக்குதல், சிவிஇ-2020-25705, லினக்ஸ் கெர்னல் விநாடிக்கு 1,000 ஐசிஎம்பி செய்திகளுக்கு (பிழை அறிவிப்பு போன்றவை) மேல் அனுப்பாது என்ற பொதுவான கணக்கையே ஒரு ஒட்டுக்கேட்கும் கருவியாக்கியது. எந்த போர்ட் திறந்திருக்கிறது என்பதை அந்தக் கணக்கு தீர்வதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 5.10 கெர்னலில் அந்த எண்ணிக்கையைச் சற்றே ரேண்டமாக்கிச் சரிசெய்தார்கள். எங்கள் ரிசால்வர்களில் புதிய கெர்னல். ஆனால் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஒரு பழைய ஹோஸ்ட்டில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருள் கிடைத்தது, பதிப்பு 2.83க்கு முந்தையது. 2021 ஜனவரியில் வெளியான டிஎன்எஸ்பூக் குறைகள் அப்படியே. அதை அன்றே மேம்படுத்தினேன்.

டிஎன்எஸ்செக்கை இயக்கியது

இதுவரை செய்தது எல்லாம் ஊகிப்பதைக் கடினமாக்கும் வேலை. டொமைன் உரிமையாளர் பதிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பது டிஎன்எஸ்செக் மட்டும்தான். எங்கள் கான்ஃபிக்கில் சரிபார்ப்பு 'நோ' என்று இருந்தது. மேலே ரூட் சாவி ஒன்று கையால் ஒட்டப்பட்டிருந்தது, எண் 19036. 2010இல் ரூட் கையெழுத்திடப்பட்டபோது வந்த சாவி அது. 2018 அக்டோபர் 11 அன்று அதை மாற்றி 20326 என்ற சாவிக்குப் போனார்கள். நடந்ததை ஊகிக்க முடிகிறது: அந்த நாளில் பெயர்கள் கிடைக்காமல் போயிருக்கும், யாரோ அவசரத்தில் சரிபார்ப்பையே நிறுத்தியிருப்பார்கள், பிறகு திரும்ப இயக்க யாருக்கும் நினைவில்லை.

ஒட்டிய சாவியை நீக்கிவிட்டு 'ஆட்டோ' என்று வைத்தேன். அப்படி வைத்தால் சாவி மாற்றங்களை பைண்ட் தானே பின்தொடரும். சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். ஒழுங்காகக் கையெழுத்திட்ட ஒரு டொமைனைக் கேட்டால் பதிலில் 'ஏடி' (சரிபார்க்கப்பட்டது) கொடி வர வேண்டும். வேண்டுமென்றே உடைத்து வைத்திருக்கும் டிஎன்எஸ்செக்-ஃபெயில்ட் டாட் ஆர்க் என்ற டொமைனைக் கேட்டால் சர்வ்ஃபெயில் என்ற பிழை வர வேண்டும். இரண்டாவதுதான் முக்கியமான சோதனை. மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று பார்க்காமல் சரிபார்ப்பு நடக்கிறது என்று நம்ப வேண்டாம்.

இங்கே இரண்டு இடத்தில் இடறினேன். புதிய ரிசால்வர் இயந்திரம் ரீபூட் ஆனபோது அதன் கடிகாரம் சில நாட்கள் பின்தங்கியிருந்தது. கையெழுத்துகளுக்குத் தொடக்க நேரம், முடிவு நேரம் உண்டு. கடிகாரம் தவறினால் நல்ல கையெழுத்தும் செல்லாததாகிவிடும். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி (நேரம் தரும்) சர்வரின் பெயரைத் தேட வேண்டும், பெயர் கிடைக்க நேரம் சரியாக இருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க, ரிசால்வர்களில் மட்டும் என்டிபிக்கு ஐபி முகவரியையே கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, என் அளவுகோலே திடீரென்று பழுதானது மாதிரி இருந்தது. 500 கேள்விகள் கேட்டேன், வெளி லாகில் மூன்றே வரி. என் சோதனைப் பகுதியை உற்சாகத்தில் நானே கையெழுத்திட்டிருந்தேன். அந்தப் பகுதியில் பெயர்கள் குறைவு என்பதால் 'இந்தப் பெயருக்கும் அந்தப் பெயருக்கும் நடுவே எதுவும் இல்லை' என்று கையெழுத்தோடு வந்த ஒரே என்செக் பதிவு பெரும் பரப்பை மூடிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பைண்ட் மீதிக் கேள்விகளுக்கு வெளியே போகாமலேயே 'இல்லை' என்று சொல்லிவிட்டது. காரணம் பைண்ட் 9.18 முதல் வழக்கமாக இயங்கும் இந்த வசதிதான் என்று புரிய அரை நாள் ஆனது. ஆனால் அந்த அரை நாளில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பெரிது. இல்லாத துணைப் பெயர்களை அடுக்கிக் கேட்பதுதானே காமின்ஸ்கி வழியின் அடித்தளம்? கையெழுத்திட்ட டொமைனில் அந்தக் கேள்விகள் பெரும்பாலும் கிளம்பவே இல்லை. சோதனைப் பகுதியை மறுபடி கையெழுத்து இல்லாததாக மாற்றியதும் 500 வரிகள் திரும்பின.

இப்போது அந்த ஸ்கிரிப்ட் மாதம் ஒருமுறை தானாக ஓடுகிறது. ஃபயர்வால், நேட், கெர்னல் எதையாவது தொட்ட நாளிலும் கையால் ஓட்டுகிறேன். வெவ்வேறு போர்ட்டுகள் 480க்குக் கீழே போனாலோ, அடுத்தடுத்த எண்கள் வரிசையாக வந்தாலோ, உடைந்த டொமைனுக்குப் பதில் கிடைத்தாலோ மின்னஞ்சல் வரும். பைண்டின் புள்ளிவிவரத்தில் 'பொருந்தாத பதில்கள்' என்று ஒரு எண்ணிக்கை உண்டு, அதையும் கண்காணிப்பில் சேர்த்தேன். யாராவது ஊகிக்க முயன்றால் தவறான ஊகங்கள் அங்கேதான் குவியும். இரண்டாவது ரிசால்வரில் பைண்டுக்குப் பதில் அன்பவுண்ட் என்ற மென்பொருள் ஓடுகிறது, அதில் வேண்டாத பதில்கள் ஒரு வரம்பைத் தாண்டினால் கேச்சையே காலி செய்யும் அமைப்பை ஒரு கோடியில் வைத்திருக்கிறேன்.

கான்ஃபிக் கோப்பில் அந்தப் பழைய வரி இருந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்: 'இங்கே போர்ட் எண் எதுவும் எழுத வேண்டாம். ஃபயர்வால் தடுத்தால் ஃபயர்வால் விதியைத் திருத்தவும். காரணம் தெரிய வெளி சர்வரில் சோதனை ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்க்கவும்.' கீழே தேதியும், நீக்கிய வரியின் நகலும், அதற்கு ஜோடியாக இருந்த ஃபயர்வால் விதியின் எண்ணும்.